வேலை போனால் நமக்காகப் பேசுபவர் யார்?

நான் வக்கீல் அல்ல. டிப்ளமோ படித்து, ரயில்வேயில் தண்டவாளம், பாலம் என்று காலம் கழித்தவன். ஆனால் இலாகா விசாரணைகளில் சக ஊழியர்களுக்குத் துணையாக உட்கார்ந்து வாதாடிய அனுபவம் உண்டு. 1968-ஆம் ஆண்டின் ரயில்வே ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் இன்னொரு ரயில்வே ஊழியரையோ ஓய்வு பெற்றவரையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதை அறிந்த நண்பர் ஒருவர் அண்மையில் தம் மகனுடன் வந்தார். பையன் ஃபரீதாபாத் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடமாக மெஷின் ஓட்டியவன். ஒரு நாள் மாலை அறைக்குக் கூப்பிட்டு, ஹிந்தியில் டைப் செய்த காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அது ராஜினாமாக் கடிதம். பையனுக்கு ஹிந்தி சரளமாகப் பேச வரும், படிக்க வராது. நம் வீடுகளில் இது அதிசயமில்லை.

"நகையை அடகு வைத்தாவது பெரிய வக்கீலாகப் பிடிக்க வேண்டும் சார்" என்றார் தகப்பனார். நான் அவரை நிறுத்தி வைத்தேன். தொழிலாளர் வழக்கில் பெரிய வக்கீல் எடுத்த எடுப்பில் நுழைய முடியாது.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 36-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 21 நவம்பர் 2025 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் (2020) வந்துவிட்டது. இந்த ஏற்பாடு மட்டும் மாறவில்லை. சமரச அதிகாரி முன் இரு தரப்புக்கும் வக்கீல் கூடாது. தொழிலாளிக்காகத் தொழிற்சங்க நிர்வாகி பேசலாம். சங்கத்தில் சேராதவர் அதே தொழிலில் உள்ள ஒரு சங்க நிர்வாகியையோ வேறொரு தொழிலாளியையோ எழுத்து மூலம் நியமிக்கலாம். சமரசம் முறிந்து தீர்ப்பாயத்துக்குப் போனால் வக்கீல் வரலாம். அதற்கும் எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டும்.

முதலாளி பணத்தைக் கொட்டி வக்கீல்களை இறக்கினால் தொழிலாளி மூச்சுவிட முடியாது என்பதுதான் இந்தத் தடையின் காரணம். ஆனால் நிர்வாகங்களுக்கும் வழி இருந்தது. வக்கீலாக இருப்பவர் முதலாளிகள் சங்கத்தின் உண்மையான நிர்வாகியாகவும் இருந்தால், அந்த முறையில் அவர் ஆஜராகலாம் என்று பாரதீப் துறைமுக வழக்கில் 1976-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிற்சங்க நிர்வாகியாக உள்ள வக்கீலுக்கும் அதே உரிமை உண்டு. வெறும் அதிகாரப் பத்திரம் மட்டும் கொடுத்து வக்கீலை அனுப்புவது செல்லாது.

ஆகவே எதிர்த்தரப்பு வக்கீலோடு வந்தால், ஆட்சேபம் இருப்பின் முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். பின்னர் நமக்கே வக்கீல் தேவைப்பட்டால் அவர்களும் மறுக்கலாம் என்பதை யோசித்தே செய்ய வேண்டும்.

கம்பெனிக்குள் நடக்கும் விசாரணை வேறு. அங்கே பொதுவாகச் சக ஊழியர்தான் துணை. ஆனால் நிர்வாகத்தின் சார்பில் சட்டம் படித்தவர் வந்து உட்கார்ந்தால், ஊழியருக்கு வக்கீலை மறுப்பது நியாயமாகாது என்று பம்பாய்த் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என் அனுபவத்தில் இதைக் கேட்டுப் பெறுபவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

தகப்பனாருக்கு நகை பற்றிய பதிலும் சொன்னேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவில் தொழிலாளியும் இருக்கிறார். அவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் அப்படியே. கர்ப்பமாக இருக்கிறாள் என்றோ சாதியைச் சொல்லியோ வெளியே தள்ளப்பட்டவர்கள் இதை முக்கியமாக அறிய வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

'சூபர்வைசர்' என்று பெயர்ப் பட்டை குத்திவிட்டு, நீ தொழிலாளியே அல்ல என்பார்கள். பட்டையைப் பார்த்து முடிவாவதில்லை, செய்த வேலையைப் பார்க்க வேண்டும். உண்மையிலேயே மேற்பார்வை வேலைதான் என்றாலும், சம்பளம் மாதம் 18,000 ரூபாய்க்கு மேற்பட்டால்தான் அவர் விலக்கப்படுவார்.

நாள் கணக்கு மிக முக்கியம். தகராறு எழுந்து இரண்டு ஆண்டுகள் கடந்தால் சமரச அதிகாரி எடுக்க மாட்டார். சமரசம் முறிந்த அறிக்கை கைக்கு வந்ததிலிருந்து 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்கு மனு போட வேண்டும்.

பையனை அன்றிரவே கடிதம் எழுத வைத்தேன். "படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்து வாங்கினீர்கள், நான் ராஜினாமா செய்யவில்லை, வேலைக்கு வரத் தயார்" என்று மூன்றே வரி. மறுநாள் காலை ஸ்பீட் போஸ்ட்டில் நிர்வாகத்துக்கு ஒன்று, நகல் தொழிலாளர் துறைக்கு ஒன்று. ரசீதையும் சம்பளச் சீட்டுகளையும் ஒரே ஃபைலில் கட்டிக் கொடுத்தேன். சமரச அதிகாரி முன் முதல் தேதி முடிந்திருக்கிறது. பக்கத்துத் தொழிற்சாலைச் சங்க நிர்வாகி ஒருவர் பையனுக்காகப் பேசுகிறார். அவர் பஞ்சாபிக்காரர், நம் பாஷை தெரியாது, ஆனால் இந்தச் சட்டம் அவருக்கு மனப்பாடம்.

ஞாயிறு மாலைகளில் நான் சங்க நூலகத்தில் இருப்பேன். புரியாத காகிதம் எதையாவது நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கொண்டு வாருங்கள்.