உலகம் சுற்றக் கப்பலேறும் தம்பதிகளுக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்தும் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலிலிருந்தும் சில பயணிகள் கப்பல்கள் உலகம் சுற்றப் புறப்படுகின்றன. வடக்கே குளிர் கடுமையாக இருக்கும் மாதங்களைத் தெற்குக் கடல்களில் கழித்துவிட்டு, நூறு நாட்களுக்கு மேல் ஓடி, ஏப்ரல், மே வாக்கில் திரும்பும். 1922-ல் நியூயார்க்கிலிருந்து குனார்ட் நிறுவனத்தின் லக்கோனியா கப்பல் உலகம் சுற்றக் கிளம்பியது. அதன் பிறகு இந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. நானும் என் மனைவியும் ஓய்வு பெற்ற பிறகு சவுத்தாம்ப்டனில் ஏறி, மேற்கே பார்த்து ஒரு முழுச் சுற்றுப் போய்வந்தோம். ‘நாங்களும் போகலாமா?’ என்று கேட்கும் அறுபது வயதைத் தாண்டிய தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். எதற்காகப் போகிறோம் என்பதை மட்டும் முதலில் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

1. கடல் நாட்களை எண்ணிப் பாருங்கள்

விளம்பரப் புத்தகத்தில் துறைமுகங்களின் படங்கள்தான் இருக்கும். அட்டவணையை எடுத்து, கரை தொடாத நாட்களைத் தனியாக எண்ணுங்கள். பெரும்பாலான உலகச் சுற்றுகளில் அவை பாதிக்கு மேல் வரும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலூலு போக நான்கைந்து நாள். அங்கிருந்து ஃபிஜியின் சுவா போக ஏறக்குறைய ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. ஊர் பார்ப்பதுதான் ஆசை என்றால் விமானத்தில் போங்கள். செலவும் குறையும், ஒவ்வோர் ஊரிலும் நான்கு நாள் தங்கவும் முடியும். கப்பலில் ஓர் ஊருக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம்தான் கிடைக்கும். எங்களுக்கு அந்தக் கடல் நாட்கள்தான் பயணம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர்களுக்கு, எங்கும் போக வேண்டியில்லாத ஒரு காலைப்பொழுது என்பது பெரிய செல்வம். அது உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியாவிட்டால், சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நான்கு நாள் கப்பல் ஒன்றில் போய்ப் பாருங்கள். முழுச் சுற்றும் போகத்தான் வேண்டும் என்றும் இல்லை. சிட்னியிலிருந்து சிங்கப்பூர் வரை என்பதுபோல ஒரு பகுதிக்கு மட்டும் சீட்டு வாங்கலாம்.

2. மேற்கே போகும் கப்பலைத் தேர்ந்தெடுங்கள்

இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். மேற்கே போகும்போது சில நாட்களுக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கச் சொல்லி முதல் நாளே தெரிவித்துவிடுவார்கள். அன்று இரவு ஒரு மணி நேரத் தூக்கம் கூடும். கிழக்கே போனால் நேர்மாறு. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் பறிபோகும். நம் வயதில் அந்தக் களைப்பு உடம்பில் தங்கிவிடும்.

மேற்கே போகிறவர்கள் பசிபிக் நடுவே சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடக்கும்போது ஒரு முழு நாள் காணாமல் போகும். நாங்கள் செவ்வாய்க்கிழமை படுத்து வியாழக்கிழமை எழுந்தோம். இங்கேதான் மாத்திரைப் பெட்டியைக் கவனிக்க வேண்டும். ஞாயிறு, திங்கள் என்று கிழமை போட்ட பெட்டியில் புதன்கிழமைக் கட்டத்தில் மாத்திரை அப்படியே இருக்கும். அது விட்டுப்போன வேளை இல்லை, சேர்த்துப் போட்டுவிடக் கூடாது. உடம்புக்குக் கிழமை தெரியாது. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். என் மனைவி புதன் கட்டத்தில் ஒரு சிறு பஞ்சைத் திணித்து மூடிவைத்தாள். இன்சுலின் போடுகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே தங்கள் மருத்துவரிடம் நேர மாற்றத்தைப் பற்றிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

3. அறைக்குள் இருவர்

சாதாரண அறை பதினாறு, பதினேழு சதுர மீட்டர் இருக்கும். கட்டில், குளியலறை, ஒரு மேசை, ஓர் அலமாரி. நம் ஊர் வீட்டில் ஒரு படுக்கையறை அளவுதான். அதில் நான்கு மாதம். வீட்டில் ஒருவர் கூடத்தில் பேப்பர் படிக்க, ஒருவர் அடுக்களையில் ரேடியோ கேட்டுக்கொண்டு, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் பாதி நாள் போய்விடும். கப்பலில் அது கிடையாது. அதனால் தனித்தனி வேலை தேடிக்கொள்ளுங்கள். என் மனைவி பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்தவள். இரண்டாம் நாளே வாட்டர்கலர் வகுப்பில் சேர்ந்தாள். “என்னங்க, நீங்க லைப்ரரிக்குப் போங்க. நாலு மணிக்கு டீக்கு வந்துடறேன்” என்பாள். நாலு மணிக்குச் சந்திக்கும்போது இருவருக்கும் சொல்வதற்குச் சேதி இருக்கும். அந்த நாலு மணித் தேநீர் எங்களுக்குப் புதிய பழக்கம். வேலைக்குப் போன காலத்தில் ஒருநாளும் வாய்த்ததில்லை.

அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளம் ஒன்றில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. சுவர்கள் இரும்பு, காந்தக் கொக்கிகள் சில கொண்டுபோனால் துண்டு, தொப்பி, மறுநாள் சட்டை எல்லாம் மாட்டலாம்.

4. சாப்பாடு

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள், ஏறிய அன்று தலைமைப் பரிமாறுபவரிடம் நேரில் பேசுங்கள், ஒவ்வோர் இரவும் மறுநாளைக்கு வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். சாதமும் கெட்டித் தயிரும் எங்களுக்குத் தவறாமல் வந்தன. பருப்புப் பொடி, நார்த்தங்காய் என்று பிரிக்காத பொட்டலங்கள் இருந்தால் போதும். ஆனால் அவற்றில் ஒன்றையும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கரைக்குக் கொண்டு இறங்காதீர்கள். காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுத்துப் பையில் போட்ட ஒரு வாழைப்பழம்கூடத் தப்பாது. ஆக்லாந்து துறைமுகத்தில் மோப்ப நாய் பைக்குப் பக்கத்தில் வந்து சாதுவாக உட்கார்ந்துவிடும். அறிவிக்காமல் கொண்டுபோனால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். மின்சார அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எதையும் எடுத்துப்போக வேண்டாம். ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

5. பனாமா அன்று விடியுமுன் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள்

மதியம் வரை வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். 1914-ல் திறந்த கால்வாய் அது. கரீபியன் பக்கத்தில் காட்டூன் என்ற இடத்தில் அடுக்கடுக்கான மூன்று தொட்டிகள் கப்பலைக் கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி ஏரியில் விடுகின்றன. தண்ணீர் ஏற்ற பம்பு எதுவும் இல்லை. மேலே உள்ள ஏரித் தண்ணீர் தன் எடையில் கீழே இறங்கி, தொட்டியை நிரப்பிக் கப்பலை மிதக்கவைத்து மேலே கொண்டுவருகிறது. தொட்டியின் அகலம் 33.5 மீட்டர், எங்கள் கப்பலுக்கு இரு பக்கமும் இரண்டடி இரண்டடிதான் மிஞ்சியது. கைப்பிடியில் சாய்ந்து பார்த்தால் காங்கிரீட் சுவரின் பாசி தெரியும். ஒரு கப்பல் கடந்தால் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் 2023-ல் மழை பொய்த்தபோது கப்பல்களின் எண்ணிக்கையையே குறைத்தார்கள். வகுப்பில் பலகையில் வரைந்து காட்டியதை என் மனைவி அன்று கண்ணால் பார்த்தாள். அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகிற கப்பல் அங்கே தென்கிழக்காகப் போகிறது என்பதைத் திசைகாட்டி வைத்துப் பக்கத்து மேசைக்காரர்களுக்கெல்லாம் காட்டினாள்.

6. டர்பனில் இறங்குங்கள்

சில துறைமுகங்களில் களைப்பாக இருந்தால் கப்பலிலேயே இருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று அங்கே கரை சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அதில் இருந்தார்கள். 1911 வரை அப்படி டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், ஜில்லா, உடம்பில் உள்ள தழும்பு வரை பதிவேட்டில் எழுதினார்கள்.

விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மசாலாப் பொடி விற்கும் ஓர் அம்மா, நாங்கள் தமிழ்நாடு என்றதும் கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்தார். பாட்டனாருக்குத் தகப்பனாரின் பதிவு அது. ஜில்லா வட ஆற்காடு. ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். என் மனைவி அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்து, அந்த எழுத்துகளை வாய்க்குள் பலவிதமாகச் சொல்லிப் பார்த்து, குடியாத்தம் பக்கத்து ஊராக இருக்கும் என்று சொன்னாள். தான் பாடம் நடத்திய பள்ளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் வந்தார்கள் என்றாள். அந்த அம்மாவுக்குத் தமிழ் அதிகம் வராது. ஆனாலும் எங்கள் பையில் ஒரு கிலோ மசாலாவைப் போட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்தார். ஃபிஜியிலும் மொரீஷியஸிலும் இப்படி நம் ஆட்களைச் சந்திப்பீர்கள். அங்கெல்லாம் சுற்றுலா பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைத்தெருவில் நடங்கள்.

7. உடம்பு

கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வழியில்லை. ஹெலிகாப்டரும் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரைதான் வரும். நடு பசிபிக்கில் வராது. இதயப் பரிசோதனை, பல் வேலை, கண் சோதனை எல்லாவற்றையும் ஊரிலேயே முடியுங்கள். காப்பீடு எடுக்கும்போது இருக்கிற வியாதியை மறைக்காதீர்கள். மறைத்தால் பணம் தேவைப்படும் அன்று கை விரித்துவிடுவார்கள். அவசர வெளியேற்றச் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரைகளைக் கூடுதலாக மூன்று வாரத்துக்கு எடுத்து, இரண்டு கைப்பைகளில் பிரித்து வையுங்கள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரும் இருக்கட்டும். நம் ஊர் பிராண்டு வெளிநாட்டில் யாருக்கும் தெரியாது. போகும் நாடுகளைப் பொறுத்து மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்கலாம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அறுபதுக்கு மேல் அந்த ஊசியில் ஆபத்து கூடுதல் என்பதால் மருத்துவரைக் கலந்துகொண்டே போட்டுக்கொள்ளுங்கள். கப்பலில் வேகமாகப் பரவுவது நோரோ வைரஸ் வயிற்றுப்போக்கு. அதற்குச் சானிடைசர் போதாது. சோப்புப் போட்டுத்தான் கை கழுவ வேண்டும்.

8. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது

நீண்ட பயணங்களில் மரணமும் நேர்கிறது. பெரிய கப்பல்களில் பிணவறை இருக்கிறது. நமக்கு ஏதாவது ஆனால் என்ன செய்ய வேண்டும், வங்கிக் கணக்குகள் எவை, நாமினி யார், உயில் எங்கே என்பதையெல்லாம் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். கொடுத்தபின் எங்கள் மனது லேசானது. கடலில் போனை ஏரோபிளேன் மோடில் வைத்துக் கப்பல் வைஃபையை மட்டும் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் சாட்டிலைட் ரோமிங் கட்டணம் தாங்காது. ஓடிபி வேண்டிய வங்கி வேலைகளைத் துறைமுக நாளுக்கு ஒதுக்குங்கள்.

9. அறையைச் சுத்தம் செய்யும் பையன்

கோவா, கேரளம், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று எங்கிருந்தோ வந்திருப்பான். ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம். ஊரில் கைக்குழந்தை இருக்கும். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் கொடுப்பதோடு நிற்காமல், அவன் பெயரைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்குப் பாராட்டுக் கடிதம் எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கு அது உதவும்.

10. அட்டவணை மாறும்

2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதிலிருந்து பல உலகச் சுற்றுக் கப்பல்கள் சூயஸை விட்டுத் தென்னாப்பிரிக்கா வழியாகப் போயின. சிறு படகில் கரைக்குக் கொண்டுபோகும் துறைமுகங்களில் அலை அதிகமானால் கேப்டன் நிற்காமல் போய்விடுவார். அவர் முடிவை மதியுங்கள். கனவு முழுவதையும் ஓர் ஊரின் மேல் வைக்காதீர்கள்.

11. பணமும் விசாவும்

உள்ளறைக்கே ஆளுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். வெளிநாட்டுப் பயணத் தொகைக்கு டிசிஎஸ் வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு விசா வேலைதான் மலை. 60 பக்கப் பாஸ்போர்ட் வாங்குங்கள். கப்பல் புறப்பட்டுத் திரும்பும் நாடு என்பதால் பிரிட்டனுக்குப் பலமுறை நுழையும் விசா தேவை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசாக்கள் கரை இறங்காவிட்டாலும் கேட்கப்படலாம். அமெரிக்க விசா பத்தாண்டு செல்லும், ஆனால் நேர்காணலுக்கு நாள் கிடைப்பது கடினம். கப்பலைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அதற்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மற்றவற்றை இருவரும் நிதானமாக உட்கார்ந்து முடிவு செய்யலாம்.