எட்டரை மணி ரீடிங்

ஏப்ரல் பிறந்துவிட்டால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் என் நினைவு வந்துவிடும். "மாப்ள, சனிக்கிழமை கிளம்பி வர்றோம். மழை இருக்குமா?" என்று விருதுநகரிலிருந்து போன் வரும். கொடைக்கானல் மலையில், 2,300 மீட்டருக்கும் மேலே, ஒரு வானிலை நிலையத்தில் நான் வேலை பார்த்த காலம் அது. மழை வருமா என்று சொல்வது என் வேலை இல்லை, வந்து போன மழை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுவதுதான் என் வேலை என்று எத்தனை தடவை விளக்கினாலும் யாருக்கும் ஏறாது. "பேஞ்சு முடிஞ்ச மழையச் சொல்றதுக்கு ஒரு சம்பளமாடா?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை.

எங்கள் நாள் காலை எட்டரைக்குத் தொடங்கும். உலக நேரப்படி அது 3 மணி. அந்த ஒரே நேரத்தில் பல நாட்டு நிலையங்களிலும் யாரோ ஒருவர் கருவியின் முன் நின்றுகொண்டிருப்பார். மழைக்கணக்கும் எட்டரை முதல் எட்டரை வரைதான். ஆகவே எட்டு இருபதுக்கே வெளியே இறங்கிவிட வேண்டும். மேகம், பார்வைத் தூரம், காற்று, வெப்பம், மழை என்று வரிசையாக முடித்துக்கொண்டு, சரியாக எட்டரைக்குக் காற்றழுத்தமானி முன் நிற்க வேண்டும்.

முதல் வாரத்தில் நான் கற்ற பாடம் சின்னது. வெப்பமானிகளை வைத்திருக்கும் ஸ்டீவன்சன் பெட்டியின் கதவைத் திறந்ததும் வெப்பமானியில் முதலில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைப் படி, முழு எண்ணைப் பிறகு படி என்று சொல்லித் தந்தார்கள். தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றியது. காரணம் இருந்தது. மலைக்குளிரில் நம் உடம்புச் சூடும் மூச்சும் பட்டாலே பாதரசம் நகர்ந்துவிடும். பதினாறு என்பது பதினாறாகவே இருக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் 2 தான் 4 ஆகும். அவசரத்தில் நேர்கிற பெரிய பிழை வேறு. 16க்குப் பதில் 11 என்றோ 21 என்றோ எழுதிவிடுவோம். அதற்கு மருந்து, எழுதியதும் பக்கத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அன்றைய அதிகபட்சம் இப்போதைய வெப்பத்தைவிடக் குறைவாக இருக்க முடியாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி உலர்ந்ததைவிட அதிகம் காட்டினால், ஏதோ தப்பு. சீசனில் லாரித் தண்ணீர்தான் என்பதால் யாராவது அதையே அந்தத் துணிக்கும் ஊற்றிவிடுவார்கள். உப்புப் படிந்து துணி விறைத்து, கணக்கு கோணிவிடும். குடிக்கத் தண்ணீர் இல்லாவிட்டாலும் வெட் பல்புக்கு வாலைவடி நீர் இருக்க வேண்டும் என்பது எங்கள் நிலையத்துச் சட்டம்.

இன்னொன்று, பயந்துபோய்க் கற்றது. வந்த புதிதில் மதியம் இரண்டரை மணிக்குக் காற்றழுத்தம் காலையைவிட இறங்கியிருந்ததைப் பார்த்து, புயல்தான் வருகிறது என்று சீனியர் அண்ணனிடம் ஓடினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "தெனமும் எறங்கும் தம்பி, நாலு மணிக்கு இன்னும் எறங்கும், போய் உக்காரு" என்றார். நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் காற்றழுத்தம் கடல் ஓதம் மாதிரி ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை பத்தும் இரவு பத்தும் உச்சம், இரண்டு நாலு மணிகளும் பள்ளம். நேற்றைய இதே நேரத்தோடுதான் ஒப்பிட வேண்டும், இன்றைய காலையோடு அல்ல.

கோடையை உச்சியிலிருந்து பார்ப்பது தனி அனுபவம். காலையில் பெரியகுளத்துச் சமவெளி புகைபடிந்த கண்ணாடி போலக் கீழே கிடக்கும். அங்கே நாற்பதை நெருங்கும், இங்கே இருபதைத் தாண்டத் தயங்கும். பத்து மணிக்கு மேல் சரிவுகள் சூடேறி, காற்று மேல்நோக்கி நகரத் தொடங்கும். காட் ரோட்டுக்கு மேலே பஞ்சுத் துணுக்குகள் முளைக்கும். பதினொன்றரைக்கு அவை கண் மட்டத்தில் நிற்கும். இரண்டு மணிக்கு நாங்கள் அவற்றுக்குள்ளே இருப்போம். ஒரே பொருள்தான். கீழே வத்தலக்குண்டில் நிற்பவருக்கு அது மலைமேல் மேகம், எங்களுக்கு மூடுபனி. ஆயிரம் மீட்டருக்குள் கண் மறைந்தால் மூடுபனி என்று எழுத வேண்டும், வானமே தெரியாவிட்டால் மேக அளவில் 9 போட வேண்டும். எட்டு பங்கில் அளக்கிற வானத்துக்கு ஒன்பது எப்படி வந்தது என்று கேட்காதவர் இல்லை. 'எனக்குத் தெரியவில்லை' என்பதற்கான எண் அது. மலை நிலையங்களுக்கென்றே குறியீட்டில் இன்னொரு தொகுதியும் உண்டு. நம் காலுக்குக் கீழே கிடக்கும் மேகத்தை எழுதுவதற்கு. அதை எழுதும்போதெல்லாம் கொஞ்சம் கர்வமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

இந்த மதிய மறைப்பை அழகாகக் காட்டுவது வெயில்மானி. ஒரு கண்ணாடிக் குண்டு, அதன் பின்னால் ஓர் அட்டை. வெயில் இருக்கிறவரை அட்டையில் கருகிய கோடு நீளும், மேகம் வந்தால் நின்றுவிடும். சூரியன் மறைந்தபின் அட்டையைக் கழற்றினால் காலையெல்லாம் தடித்த கருப்புக்கோடு, மதியத்தில் துண்டு துண்டு, அப்புறம் சுத்தமான தாள். "வெயிலே இல்ல" என்று சொல்லிக்கொண்டே தோல் உரிந்து இறங்கிப் போகும் சுற்றுலாக்காரர்களுக்கு அந்த அட்டையைக் காட்டத் தோன்றும். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும். குளிர்கிறதே என்று நம்பித் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள்.

இனி அந்த ஆலங்கட்டி நாள். ஏப்ரல் கடைசி வாரம், நாலே முக்காலுக்கு இடியோடு கொட்டியது. ஐந்தேகாலுக்கு நான் போனபோது மழைமானியின் புனலில் ஆலங்கட்டி குவிந்து கிடந்தது. ஐந்தரைக்கு அளந்தாக வேண்டும். விதி எளியது. வெந்நீரை அளந்து ஊற்று, உருகட்டும், மொத்தத்தை அள, ஊற்றியதைக் கழி. நான் அறையிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீரை எடுத்துப்போய் அளக்காமலே ஊற்றிவிட்டேன். மொத்தம் 31 மில்லிமீட்டர் வந்தது. ஊற்றியது எவ்வளவு? எங்கள் மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர். 200 மில்லி டம்ளர் என்றால் 10 மில்லிமீட்டர், ஆக 21 என்று மனக்கணக்குப் போட்டு பாக்கெட் ரெஜிஸ்டரில் எழுதப் போனேன்.

அண்ணன் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "டம்ளர் நெறைய இருந்துச்சா?"

"முக்கால்வாசி இருக்கும்ணே..."

"வழியில சிந்துச்சா?"

சிந்தியிருந்தது. அரை டம்ளர் பிசகினால் 5 மில்லிமீட்டர் பொய். 2.5 பெய்தாலே அதை மழை நாள் என்று எண்ணுகிறோம். "விட்டத விட்டுட்டேன்னு எழுது தம்பி. நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் இதை எடுத்துப் பார்ப்பான். காலிக்கட்டத்தப் பார்த்தா அவன் ஜாக்கிரதையா இருப்பான். 21-ஐப் பார்த்தா நம்பிருவான்." அன்றைய மாலைக் கணக்கோடு மறுநாள் காலையின் 24 மணிநேரக் கணக்கும் போயிற்று. குறிப்புப் பத்தியில் 'ஆலங்கட்டி, அளக்கத் தவறியது' என்று என் கையாலேயே எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் நேரம் தவறக்கூடாது என்ற கண்டிப்பை அவர் இடி மின்னலில் காட்டமாட்டார். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் யாரும் வெளியே போகக்கூடாது, கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். முகட்டிலேயே உயரமானது எங்கள் காற்றுமானிக் கம்பம், அதன் அடியில் போய் நிற்பதற்கா சம்பளம்? தாமதமானால் தாமதம் என்று எழுதிக்கொள்ளலாம்.

வீட்டுப் பாடங்களும் உண்டு. மே மாதத்திலும் இங்கே தோசைமாவு ஒரே இரவில் புளிக்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பங்கரையில் வைக்க வேண்டும். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதால் தண்ணீர் 92 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பருப்பு குக்கரில்லாமல் வேகாது. துணி துவைத்தால் மதியத்துக்குள் எடுத்துவிடுங்கள். அப்புறம் காட்டுமாடு. விடிகாலை ஐந்தரை ரீடிங்குக்கு டார்ச்சோடு போனால் வேலியோரம் கருப்பாக ஒன்று நிற்கும். வழிவிட்டுப் பின்வாங்குவதுதான் ஒரே உத்தி. ரெஜிஸ்டரில் அதற்குக் குறியீடு கிடையாது.

சித்தப்பாவுக்கான பதிலை இதே ஊரில்தான் கண்டுபிடித்தேன். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை ஏன் பொய்க்கிறது, சூரியனுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கப்பட்டதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். அப்படிப்பட்ட கேள்விக்குப் பெய்து முடிந்த மழையின் கணக்குதான் மூலதனம். அதை நாள் தவறாமல் யாராவது எழுதியிருக்க வேண்டும், பொய் கலக்காமல் எழுதியிருக்க வேண்டும்.

இப்போது தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன. தூங்குவதில்லை, விருந்தாளி வந்தார் என்று மறப்பதில்லை, நல்லதுதான். ஆனால் புனலில் ஆலங்கட்டி அடைத்துக்கொண்டால் அது உருகுகிற நேரத்தைத்தான் மழை பெய்த நேரம் என்று அந்தக் கருவி சொல்லும். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் தேவலை.

சித்தப்பா ஓய்வுபெற்றபின் மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறார். நீங்களும் வைக்கலாம், செலவு அதிகமில்லை. மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போல இருமடங்கு தள்ளி வையுங்கள். தினமும் எட்டரைக்குப் பாருங்கள். மழை இல்லையென்றால் 0 என்று எழுதுங்கள். வெளியூர் போயிருந்தால் அந்த நாளைக் காலியாக விடுங்கள், அங்கே 0 போட்டுவிடாதீர்கள்.