தொட்டிக்குள் ஒரு கடல்

எங்கள் பள்ளி தஞ்சை மாவட்டத்தின் கடைமடைப் பகுதியில் உள்ளது. ஒன்பதாம் வகுப்பில் நீர்க்கோளம் பாடத்தைத் தொடங்கிய அன்று, "கடலுக்கு அடியில் தரை எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "நம்ம வயல் மாதிரி மட்டமாத்தான் சார் இருக்கும்" என்றான் ஒரு மாணவன். வரப்பையும் ஆற்றங்கரையையும் தவிர வேறு மேடு பார்க்காத பிள்ளைகள், வேறென்ன சொல்வார்கள்? கண்டத்திட்டு, கண்டச்சரிவு, ஆழ்கடல் சமவெளி, அகழி என்று படம் காட்டினால் பெயர்களை மனப்பாடம் செய்துவிடுவார்கள். யாரும் பார்க்காத தரையை எப்படி வரைந்தார்கள் என்ற கேள்வி மட்டும் எழாது.

அதற்காகப் பள்ளியில் சும்மா கிடந்த 120 செ.மீ. நீளத் தொட்டியை எடுத்துக்கொண்டேன். ஒரு முனையில் மணலைச் சரிவாகக் கொட்டினேன். 70 செ.மீ. தொலைவில் ஒரு செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். 30 செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்பி, வயல் சேற்றைக் கரைத்துவிட்டதும் அடி மறைந்துவிட்டது. நூலில் கட்டிய இரும்பு நட்டுதான் கருவி. முதல் குழு 20 செ.மீ. இடைவெளியில் ஏழு இடங்களிலும், இரண்டாம் குழு 5 செ.மீ. இடைவெளியில் 25 இடங்களிலும் ஆழம் பார்த்து, வரைபடத்தாளில் கீழ்நோக்கிக் குறித்தார்கள்.

முதல் குழுவின் படத்தில் செங்கல் இல்லை. அது 60க்கும் 80க்கும் நடுவில் தப்பிவிட்டது, எதிர்பார்த்ததுதான். ஆனால் இரண்டாம் குழுவின் படத்திலும் இல்லை! உற்றுப் பார்த்தால் 70இல் ரப்பரால் அழித்த தடம். "அங்க மட்டும் 7 வந்துச்சு சார். பக்கத்துல எல்லாம் 30. ஒத்துவரலன்னு அழிச்சிட்டோம்" என்றார்கள். அளந்த மாணவி மட்டும், "நான் சரியாத்தான் பார்த்தேன்" என்று முணுமுணுத்தாள்.

அவர்களை எப்படிக் கடிந்துகொள்வது? செய்முறைத் தேர்வில் விடைக்கேற்ப அளவீட்டைத் திருத்தும் பழக்கம் நம்மிடமிருந்து வந்ததுதானே.

அப்போது மேரி தார்ப்பின் கதையைச் சொன்னேன். 1950களின் தொடக்கத்தில், பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற முடியாத அவர், பிறர் கொண்டுவந்த ஆழ அளவுகளை வைத்து அட்லாண்டிக் கடலடியை வரைந்தார். நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு தென்பட்டது. உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் முதலில் அதை ஏற்கவில்லை. நிலநடுக்க மையங்களும் அதே கோட்டில் வரிசையாக விழுந்தபோதுதான் நம்பினார். கடல்தளம் விரிவடைகிறது என்ற கருத்துக்கு அந்தப் பள்ளத்தாக்கு முக்கியச் சான்றானது.

நூலுக்கு அடுத்து எதிரொலி. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். அனுப்பிய ஒலி 4 நொடியில் திரும்பினால் ஆழம் எவ்வளவு? பாதி வகுப்பு 6000 என்றது. போய்வரும் தூரம் அது. ஆழம் 3000 மீட்டர். வங்கக் கடலில் பல இடங்களில் அவ்வளவு ஆழம் உண்டு.

முதலில் பதில் சொன்ன மாணவனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். வங்கக் கடலின் அடித்தரை பெரும்பாலும் மட்டமே. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய வண்டல் அங்கே ஏறத்தாழ 3000 கி.மீ. நீளத்துக்குப் படிந்திருக்கிறது. 90 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டை ஒட்டி நீளும் மலைத்தொடரின் வடபகுதிகூட அந்த வண்டலில் புதைந்து கிடக்கிறது.

இந்த ஆழம் நமக்கு எதற்கு என்று கேட்டால், பக்கத்து நாகப்பட்டினம் இருக்கிறது. ஆழத்தைப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், சுனாமியின் வேகம் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று தோராயமாகக் கிடைக்கும். 3000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 620 கி.மீ.; 10 மீட்டர் ஆழத்தில் 36 கி.மீ. முன்னே செல்லும் நீர் வேகம் குறைய, பின்னே வருவது நெருங்கி அலை உயர்கிறது. 26.12.2004 காலை ஆறரை மணியளவில் சுமத்ரா அருகே கடலடி அதிர்ந்தது. ஒன்பது மணியளவில் அலை நாகையில். அந்த மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2007 முதல் ஐதராபாத்தில் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம், அலை எந்தக் கரைக்கு எப்போது வரும் என்பதை ஆழ வரைபடங்களைக் கொண்டே கணிக்கிறது. உலகக் கடலடியிலோ இதுவரை நேரடியாக அளந்து வரைந்தது கால் பங்குக்குச் சற்றே அதிகம்.

கணக்கு முடிந்ததும் அந்த மாணவி எழுந்து வந்து, 70இல் மீண்டும் 7ஐக் குறித்தாள். அழித்த தடத்தோடு அந்தத் தாள் இப்போது வகுப்புச் சுவரில் இருக்கிறது.