சிறிய டின்னா, பெரிய டின்னா?

இரவு வேலைக்குப் போகும் வழியில் ஊக்கபானம் வாங்குபவரா நீங்கள்? ரெட் புல், மான்ஸ்டர் இரண்டில் எது கடுமையானது என்று பலர் கேட்பதுண்டு. அளவுக்கு அளவு பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வழக்கமான வகைகளில் 100 மில்லிலிட்டருக்குக் கஃபீன் சுமார் 32 மில்லிகிராம், சீனி சுமார் 11 கிராம்.

வித்தியாசம் டின்னில் இருக்கிறது. 250 மில்லிலிட்டர் ரெட் புல்லில் கஃபீன் 80 மில்லிகிராம். 500 மில்லிலிட்டர் மான்ஸ்டரில் 160. சீனி முன்னதில் ஐந்தரைத் தேக்கரண்டி, பின்னதில் பதினொன்று. தேநீரில் இவ்வளவு போட்டால் உங்களால் குடிக்க முடியுமா?

நாட்டுக்கு நாடு கலவை மாறலாம். டின்னில் உள்ள விவரத்தைப் படியுங்கள். சிங்கப்பூரில் 100 மில்லிலிட்டரில் சீனி 10 கிராமைத் தாண்டினால் நியூட்ரி-கிரேட் 'டி' முத்திரை இருக்கும். சீனியில்லாத ரெட் புல்லிலும் கஃபீன் அதே 80 மில்லிகிராம்தான்.

ஆரோக்கியமான பெரியவர்கள் ஒரு நாளில் 400 மில்லிகிராம் கஃபீனைத் தாண்ட வேண்டாம், கர்ப்பிணிகளுக்கு 200. குடித்த கோப்பியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். பிள்ளைகளுக்கு ஊக்கபானம் கொடுக்காதீர்கள்.

கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். விடியற்காலை 4 மணிக்குக் குடித்தால், வேலை முடிந்து 9 மணிக்கு நீங்கள் படுக்கும்போதும் அதில் பாதி உடலில் இருக்கும்.