வேர்ப்புழுவின் காவலும் நூற்புழுவின் படையும்

"வேர்ப்புழுவுக்கு நூற்புழு வாங்கி விட்டோம், பணம் போனதுதான் மிச்சம்" என்று ஒரகடம் பக்கத்து அங்கத்தினர் சிலர் நம்மிடம் குறைப்பட்டனர். தொழிற்சாலைகளுக்கிடையே எஞ்சிய நிலத்தில் வேர்க்கடலை பயிரிடுவோர் அவர்கள். விசாரித்ததில், பொட்டலங்கள் தகரக் கொட்டகையில் பல நாள் கிடந்தன என்பதும், உச்சி வெயிலில் காய்ந்த மண்ணில் ஊற்றப்பட்டன என்பதும் தெரிய வந்தன. நூற்புழு பூச்சிமருந்தன்று; உயிருள்ள படை. அது எதிர்கொள்ளும் காவல் எத்தகையது என்பதை அறிந்தால் இப்பிழை நேராது.

பயிரின் வேரில் முடிச்சுண்டாக்கும் நூற்புழு வேறு. பூச்சியைக் கொல்லும் நூற்புழு வேறு. பின்னதில் ஓரினமாகிய ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா, கோயமுத்தூரில் கண்டறியப்பட்டு 1992-இல் பெயரிடப்பட்டது. நம் நாட்டு வெப்பத்துக்குப் பழகியது.

வேர்ப்புழுவுக்கு மூவகைக் காவல் உண்டு. முதலாவது உடலமைப்பு. மூச்சுத் துளைகளைச் சல்லடை போன்ற தகடு மறைக்கிறது. அடிக்கடி கழிவை வெளியேற்றுவதால் குடல்வழி நுழைந்தவையும் தள்ளப்படுகின்றன. இரண்டாவது இரத்த அணுக்கள். நுழைந்த நூற்புழுவை அவை மொய்த்து உறைபோல் மூடும். அவ்வுறை கறுத்து இறுகி அதனைச் சிறைப்படுத்தும். மூன்றாவது, கிருமிகளைக் கொல்லும் புரதங்கள்.

இக்காவலை நூற்புழு தனித்து வெல்வதில்லை. தன் குடலில் சுமந்து வரும் ஃபோட்டோராப்டஸ் என்னும் பாக்டீரியாவைப் பூச்சியின் இரத்தத்தில் விடுகிறது. அது நஞ்சு சுரந்து இரத்த அணுக்களை முடக்குகிறது. உறை கறுத்து இறுகுவதையும் தடுக்கிறது. சில நாட்களில் வேர்ப்புழு மாண்டு செங்கல் நிறமடையும். ஆயினும், நுழைந்தவை சிலவேயாயின் காவல் வெல்லும். பல ஒருங்கே நுழைந்தால் காவல் தோற்கும். முதிர்ந்த புழுவினும் இளம்புழு எளிதில் வீழும்.

ஆகவே அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை:

1. புழு இளமையாயிருக்கும்போதே விடுக. ஏக்கருக்குச் சுமார் 100 கோடி நூற்புழுக்கள் என்பது வழக்கமான அளவு. சிக்கனம் கருதிக் குறைத்தல் வீண்.

2. ஈரமண்ணில், மாலையில் மட்டுமே ஊற்றுக. ஆலை வேலை முடித்து வரும் பிள்ளைகளுக்கும் அதுவே வசதியான நேரம்.

3. பொட்டலத்தைக் குளிர்ந்த நிழலில் வைக்க. ஊற்றுமுன் ஒரு துளியைப் பூதக்கண்ணாடியால் நோக்கி, நெளிகின்றனவா எனக் காண்க.

4. பட்டுப்புழுவும் இதற்கு இரையாகும். வளர்ப்பு மனைக்கருகே கொண்டு செல்லற்க.

சங்கங்களுக்கும் ஒரு சொல். இச்சரக்கை உரம்போல் கிடங்கில் அடுக்கலாகாது. மழைக்கு முன்பே அங்கத்தினரின் தேவையைக் கேட்டெழுதி, மொத்தமாகத் தருவித்து, வந்த அன்றே பங்கிட்டால் படை உயிரோடு வயல் சேரும். தனியொருவரால் ஆகாத இதனைச் செய்யவே சங்கம் இருக்கிறது.