மினுக்கிவிட்டு அணையும் சிவப்பு விளக்கு

தாராபுரம்.

அன்புள்ள மருமகள் கவிதாவுக்கு மாமா எழுதுவது.

போனில் "வண்டியை எடுக்காதே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லாமல் உத்தரவு போட்டால் உனக்குப் பிடிக்காது என்பது தெரியும். அதனால் விவரமாக எழுதி உன் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு தகர டப்பாவும் வரும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வால்பாறையிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் ஆயில் விளக்கு மினுக்கிவிட்டுப் போகிறது, பொள்ளாச்சி வந்து சிக்னலில் நின்றபோது ஒருமுறை எரிந்தது, ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் அணைந்துவிட்டது, ஏறும்போது ஒன்றுமே இல்லை. இதுதானே நீ சொன்னது? மெக்கானிக் "சென்சார்தான் மேடம், ஓட்டுங்க" என்றாராம். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அப்படியானால் சில நூறு ரூபாயோடு வேலை முடிந்தது. தவறாக இருந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். இரண்டுக்கும் விளக்கு ஒரே மாதிரிதான் எரியும் அம்மிணி, அதுதான் சிக்கல்.

அந்த விளக்குக்குப் பின்னால் இருப்பது எஞ்சின் பிளாக்கில் திருகிய ஒரு சின்ன சுவிட்ச். உள்ளே ஒரு மெல்லிய தகடும் ஸ்பிரிங்கும். ஆயில் பிரஷர் இல்லாதபோது சுவிட்ச் விளக்கு ஒயரை எர்த் செய்து எரிய வைக்கும். பிரஷர் வந்து தகட்டைத் தள்ளினால் தொடர்பு விட்டு விளக்கு அணையும். இதற்குப் பெரிய பிரஷர் எதுவும் வேண்டாம். பெரும்பாலான கார்களில் கால் கிலோ முதல் அரை கிலோவுக்குள் அணைந்துவிடும். உன் டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறாயே, இந்த விளக்கு அணைய ஐந்தாறு பி.எஸ்.ஐ. போதும். ஆக, விளக்கு அணைந்திருப்பதால் பிரஷர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அடியோடு போய்விடவில்லை என்றுதான் அர்த்தம். அது மினுக்கினால் பிரஷர் அந்தக் கடைசி விளிம்பில் நிற்கிறது, அல்லது சுவிட்சோ ஒயரோ பொய் சொல்கிறது. நான் வேலை பார்த்த காலத்துப் பஸ்களில் டிரைவருக்கு முன்னால் முள் வைத்த மீட்டர் இருந்தது. முள் வழக்கத்தைவிடக் கீழே நின்றாலே டிப்போவில் வந்து சொல்லிவிடுவார். உன் காரில் முள் இல்லை, விளக்கு மட்டும்தான். முள் கொடுக்கும் அவகாசத்தை அது கொடுக்காது.

எண்ணெய் இருந்தால் போதாதா, பிரஷர் எதற்கு என்று கேட்பாய். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த இடுக்கில் எண்ணெய் எப்படி நிற்கிறது என்பதை உலகம் தற்செயலாகத்தான் கண்டுகொண்டது. 1883இல் இங்கிலாந்தில் பீச்சாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளை வைத்துச் சோதனை செய்தார். எண்ணெய் விட பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் எண்ணெய் அந்தத் துளை வழியே மேலே பொங்கியது. மரக்கட்டை வைத்து அடைத்தார், அதையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. கேஜ் மாட்டிப் பார்த்தால் 200 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டியது. சுற்றும் அச்சு தானே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, அதன் மேல் மிதக்கிறது. ஏன் அப்படி என்று ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் கணக்குப் போட்டுக் காட்டினார். உன் கார் எஞ்சினிலும் இதே கதைதான். அச்சைத் தாங்குவது அது சுழலும்போது உண்டாகும் எண்ணெய்ப் படலம். ஆயில் பம்ப் செய்வது அந்த இடுக்குக்கு எண்ணெய் வற்றாமல் அனுப்பும் வேலை. வரத்து நின்றால் படலம் அறுந்து இரும்பு பேரிங்கை உரசும். ஒருமுறை அப்படிக் கீறல் விழுந்த பேரிங் தானாக ஆறாது. ஒவ்வொரு மினுக்கலையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான்.

இனி உன் வண்டி. விளக்கு எப்போது வருகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்து வளைவில் திரும்பும்போது எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில் ஒருபக்கம் ஒதுங்குகிறது. ஆயில் குறைவாக இருந்தால் உறிஞ்சும் குழாயின் வாய் வெளியே தெரிந்து பம்ப் காற்றை இழுக்கும். எனவே என் முதல் சந்தேகம் ஆயில் அளவு. சிக்னலில் எரிந்தது வேறு கதையாக இருக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஆயில் நீர்த்துப்போய், ஐடிலில் பம்ப் மெதுவாகச் சுற்றும் நேரம் அது. தேய்ந்த பேரிங், அடைத்த ஸ்ட்ரெய்னர் (உறிஞ்சும் குழாய் வாயில் உள்ள வடிகட்டி), தளர்ந்த பம்ப் எல்லாம் முதலில் முகம் காட்டுவது அங்கேதான். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறாயா? பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சூடான ஆயில், ஐடில், சாய்வு மூன்றும் ஒன்றுசேர அதுவே வழி. பிரேக்குக்கும் ஆகாது. ஏறிய கியரிலேயே இறங்கு.

முதல் வேலை டிப்ஸ்டிக். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் அணைந்து பத்து நிமிடமாவது ஆன பிறகு உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுசாகச் செருகி எடு. இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். முனையில் நிற்கும் சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்து பார். பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் கலந்து ஆயில் நீர்த்திருக்கிறது. டீ நிறத்தில் நுரைத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கலாம். குறைவாக இருந்தால் மேனுவலில் போட்டிருக்கும் கிரேடையே வாங்கி, கால் லிட்டர் கால் லிட்டராக ஊற்றி அளந்து பார். மேல் கோட்டைத் தாண்டாதே. தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரையைப் பம்ப் சரியாகத் தள்ளாது. பிறகு ஒன்று: குறைந்த ஆயில் எங்கே போனது என்பதற்குப் பதில் வேண்டும். வண்டிக்கு அடியில் சொட்டியிருக்கிறதா, புகை நீலமாக வருகிறதா என்று பார்.

அடியில் குனியும்போது சம்ப்பையும் கவனி. பழைய வண்டி வாங்கியிருக்கிறாய், முன்னால் ஓட்டியவர் எந்த வேகத்தடையில், எந்தக் கல்லில் இடித்தாரோ. சம்ப் உள்ளே ஒடுங்கியிருந்தால் ஸ்ட்ரெய்னரின் வாயை அது நெருக்கிவிடும். ஆயில் முழு அளவு இருந்தும் பம்ப்புக்கு வந்து சேராது. சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்வதற்கு முன் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதையும் பார். எரியாவிட்டால் பல்பு போயிருக்கும், அல்லது விற்றவர் ஒயரைப் பிடுங்கியிருப்பார். உன்னுடையது மினுக்குகிறதே, அந்த மட்டும் ஒயரில் உயிர் இருக்கிறது.

இப்போது தகர டப்பா. அதில் இருப்பது என் ஆயில் பிரஷர் கேஜும் அடாப்டர்களும். பெரும்பாலான சின்னக் கார்களில் சுவிட்சின் மரை 1/8 அங்குலம், ஏதாவது ஒன்று பொருந்தும். மெக்கானிக்கிடம் மரியாதையாகச் சொல்: "அண்ணா, சுவிட்சை மாற்றுவதற்கு முன்னால் ஒருமுறை கேஜ் போட்டுப் பார்த்துவிடலாம்." சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜை மாட்டி, ரேடியேட்டர் ஃபேன் ஓடும் அளவுக்கு எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலில் ஒரு எண், 3000 ஆர்.பி.எம்.மில் ஒரு எண். ஐடிலில் ஒரு கிலோவை ஒட்டியும், 3000இல் மூன்று கிலோவுக்குக் குறையாமலும் இருந்தால் பொதுவாக எஞ்சின் மேல் குற்றமில்லை. சரியான அளவு அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பிரஷர் சரியாக இருந்தால் சுவிட்சை மாற்றலாம், ஒயர் எங்காவது உரசி எர்த் ஆகிறதா என்று தேடலாம். சுவிட்சின் கனெக்டருக்குள் ஆயில் கசிந்திருந்தால் மெக்கானிக் சொன்னதே உண்மை, நானே அவருக்கு டீ வாங்கித் தருகிறேன். எண் குறைவாக இருந்தால் வண்டியை ஓட்டி இறக்காதே, ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் பொள்ளாச்சிக்கு அனுப்பு. அங்கே சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு. பேக்கிங் போடும்போது தாராளமாகப் பூசிய சிலிகான் பேஸ்ட் பிய்ந்து போய் ஸ்ட்ரெய்னரை அடைத்திருப்பதும் உண்டு.

"கெட்டி ஆயில் ஊற்றினால் விளக்கு வராது" என்று யாராவது சொல்வார்கள். வராதுதான். தேய்மானம் அப்படியே இருக்கும், தெரியாமல் மட்டும் போகும். குளிர்ந்த மலைக் காலையில் அந்தக் கெட்டி ஆயில் மேலே ஏறுவதற்குள் கேம் ஷாஃப்ட் காய்ந்து சுற்றும்.

என்றாவது மலையில் விளக்கு நிலையாக எரிந்தால் வளைவின் நடுவே சாவியைத் திருப்பிவிடாதே. எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் இறுகும், பிரேக்கின் உதவியும் ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும். ஹசார்ட் போட்டு, ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்தி, உடனே எஞ்சினை அணை. "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்ற கணக்கு வேண்டாம்.

கேஜ் காட்டும் இரண்டு எண்களையும், டிப்ஸ்டிக்கின் போட்டோவையும் எனக்கு அனுப்பு. அதைப் பார்த்து நான் சொல்லும்வரை பள்ளிக்குப் பஸ்ஸில் போய் வா. கேஜை மெக்கானிக் கேட்டாலும் கொடுத்துவிடாதே, வேலை முடிந்ததும் துடைத்து டப்பாவில் போட்டுத் தம்பியிடமே திருப்பி அனுப்பு.

அன்புடன்,
மாமா