புகை பக்கத்து வீட்டுக்குப் போகிறதா? பட்டறை வைத்திருப்போருக்கு ஒரு பாடம்



சென்ற நோன்புக்கு முன் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் எங்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். காக்களூரில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். கேட், கிரில், இரும்புக் கட்டில் செய்து ஸ்பிரே பெயின்ட் அடித்துக் கொடுப்பது தொழில். ஆறு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வந்தது. வந்து நான்கு மாதம் ஆகியும் உறையைப் பிரிக்கவில்லை. "பிரித்தால்தானே பிரச்சினை என்று வைத்துவிட்டேன்" என்றார்.

அதே வாரத்தில்தான் அவருடைய பட்டறைச் சுவரை ஒட்டிக் குடியிருக்கும் ஒரு சகோதரி, மகனுக்கு இன்ஹேலர் வாங்க உதவி கேட்டு வந்திருந்தார். பையனுக்கு ஏழு வயது. பெயின்ட் வாடைதான் நோய்க்குக் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் வாடையும் புகையும் இழுப்பைக் கிளப்பிவிடும், தள்ளி வையுங்கள் என்றிருக்கிறார். பக்கத்துப் பட்டறையில் சொன்னீர்களா என்று கேட்டோம். "நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிற வீடு பாய், எப்படிச் சொல்வது?" என்றார்.

இருவரும் நம்மவர்கள். இருவருக்கும் பயன்படட்டும் என்றே இந்தப் பாடம்.

முதலில் சட்டம். காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981-இல் வந்தது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. தொழிற்கூடம் கட்டுவதற்கு முன் நிறுவ இசைவாணை, ஓட்டத் தொடங்குமுன் இயக்க இசைவாணை என்று இரண்டு வாங்க வேண்டும். எல்லாத் தொழிலும் ஒன்றல்ல. மாசின் அளவை வைத்து சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்திருக்கிறார்கள். சைக்கிள் பூட்டுதல், தேயிலை கலந்து பாக்கெட் போடுதல் போன்றவை வெள்ளை. வெள்ளை வகைக்கு நடைமுறை மிக எளிது. நம்மில் பலர் பச்சை வகைத் தொழிலை வைத்துக்கொண்டு சிவப்பு வகைக்கு உரிய பயத்தைச் சுமக்கிறோம். நம் தொழில் எந்த நிறம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும். திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் தனித்தனி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் இருக்கிறது. கேட்பதற்குக் கட்டணம் கிடையாது.

சட்டம் இப்படி என்றால் மார்க்கம் என்ன சொல்கிறது? அண்டை வீட்டாருக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்பதையும், பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதையும் நாம் சிறு வயதிலேயே மதரஸாவில் படித்திருக்கிறோம். இதைச் சட்டமாகவே எழுதியவர்களும் உண்டு. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை ஹனஃபி ஃபிக்ஹின் அடிப்படையில் மஜல்லா என்ற சட்டத் தொகுப்பை வெளியிட்டது. வீட்டை ஒட்டிக் கொல்லன் பட்டறை போட்டு அதன் அடியால் சுவர் பழுதானாலும், அடுப்புப் புகையால் வீட்டுக்காரர் குடியிருக்க முடியாமல் போனாலும், அது கடும் தீங்கு, எப்படியாவது நீக்கப்பட வேண்டும் என்கிறது அது. சொந்த இடம், என் இஷ்டம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. சம்பாத்தியம் ஹலாலா என்று பார்க்கும் நாம், அது வரும் வழியில் யார் மூச்சு முட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டாமா?

கடிதத்தைப் பிரிக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சமுதாயத்துக்குள்ளேயே பெரிய பாடம் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் தொழில் நம்மவர்கள் பலரின் வாழ்வாதாரம். அது காற்று அல்ல, தண்ணீர் விவகாரம். ஆனால் கதை ஒன்றுதான். தோல் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்டது. சிலர் செய்தார்கள், பலர் நாளைக் கடத்தினார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30-க்குள் கூட்டாகவோ தனியாகவோ சுத்திகரிப்பு ஏற்பாடு செய்தாக வேண்டும். வாரியத்தின் இசைவாணை பெற முடியாதவை மூடப்பட வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997-இல் தனி மாவட்டமாகும் வரை நம் திருவள்ளூரும் அதில்தான் இருந்தது.

அந்தத் தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டிய சொல் 'கூட்டாக'. சிறிய தோல் ஷெட்டுக்காரர் ஒருவரால் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. பல ஷெட்டுகள் பங்கு போட்டுப் பொது நிலையம் அமைத்த இடங்களில் தொழில் நிலைத்தது. காக்களூரிலும் ஒரே வரிசையில் நான்கு பெயின்ட் பட்டறைகள் இருந்தால், வடிகட்டி வைத்த ஒரு பெயின்ட் அறையை ஏன் சேர்ந்து போடக் கூடாது? இதை நாங்கள் ஜமாஅத்தில் பேசிப் பார்த்தோம். எல்லோரும் தலையாட்டினார்கள், பணம் என்றதும் எழுந்து போனார்கள். விடுவதாக இல்லை.

பணத்துக்கு வழி இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்குத் தமிழக அரசு தரும் மூலதன மானியத்தோடு, தூய்மையான, சுற்றுச்சூழலுக்கு உகந்த இயந்திரங்கள் போடுவோருக்குக் கூடுதல் மானியமும் உண்டு. தகுதியுள்ள இயந்திர மதிப்பில் 25 சதவீதம். அதற்கு மாசு கட்டுப்பாட்டு வாரியம் சான்று தர வேண்டும். ஆக, யாருக்குப் பயந்து ஒளிகிறோமோ அவர்கள் கையெழுத்துதான் மானியத்துக்குச் சாவி. உச்சவரம்பு அரசாணைக்கு அரசாணை மாறும், மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். அந்த மையம் எங்கோ இல்லை, நம் காக்களூர் சிட்கோ வளாகத்திலேயே இருக்கிறது. ஒற்றைச் சாளர முறையில் மற்ற அனுமதிகளுக்கும் அங்கேயே வழிகாட்டுவார்கள்.

மத்திய அரசின் 'ஜெட்' சான்றிதழ்த் திட்டம் 2022 ஏப்ரலில் புது வடிவில் வந்தது. தரம், கழிவு, புகை எல்லாவற்றையும் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று சான்று தருகிறார்கள். குறுந்தொழிலுக்குச் சான்றுக் கட்டணத்தில் 80 சதவீதம் மானியம். டாம்கோ கடனைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அதில் வட்டி உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஆலிம்களிடம் கேட்டு முடிவெடுங்கள். புகைக்கூண்டு, வடிகட்டி போன்ற சிறு செலவுக்கு எங்கள் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேட்கலாம்.

அமெரிக்காவில் 1990-இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒவ்வொரு மாநிலமும் சிறு தொழில்களுக்குத் தனி உதவித் திட்டம் நடத்த வேண்டும் என்று எழுதினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிக் காற்று வாரியம், டிரை கிளீனிங் கடைகள் பயன்படுத்திய ஒரு ரசாயனத்தை 2020 முடிவுக்குள் கைவிட வேண்டும் என்று 2002-இல் விதி போட்டது. கடைக்காரர்களுக்கு ஏறக்குறைய 18 ஆண்டு அவகாசமும், மாற்று இயந்திரத்துக்கு நிதி உதவியும் தந்தது. அங்கே சட்டமே உதவியைக் கூட்டி வருகிறது. இங்கே நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. குறைதான், ஆனால் போனால் கிடைக்கிறது.

இனிப் பட்டறைக்குள் வருவோம். ஜெனரேட்டர் புகைக்குழாய் எவ்வளவு உயரம் என்பதற்குக் கணக்கு உண்டு. அதன் கே.வி.ஏ. எண்ணுக்கு வர்க்கமூலம் கண்டு 0.2-ஆல் பெருக்குங்கள். அத்தனை மீட்டர், கட்டட உயரத்துக்கு மேல் குழாய் நிற்க வேண்டும். 25 கே.வி.ஏ. என்றால் 1 மீட்டர், 100 கே.வி.ஏ. என்றால் 2 மீட்டர். நம் தெருவில் பல குழாய்கள் ஜன்னல் மட்டத்தில் சுவரைப் பார்த்து ஊதுகின்றன.

வெல்டிங் புகையைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்ச வேண்டும். சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் புகை குறையாது, வீடு மாறிப் போகும், அவ்வளவுதான். பெயின்டைத் திறந்த வெளியில் அடிக்காமல் வடிகட்டி உள்ள அறையில் அடியுங்கள். தின்னர் துணியையும் காலி டப்பாவையும் மாலையில் கொளுத்துவதை இன்றே நிறுத்தலாம், அதற்கு ஒரு பைசா செலவில்லை. போகிக்கு டயர் எரிக்காதீர்கள் என்று வாரியம் ஆண்டுதோறும் ஊருக்குச் சொல்கிறது. நம் பட்டறைகளில் சிலவற்றில் தினமும் போகி.

செல்போனில் 'சமீர்' செயலியில் காற்றின் தரக் குறியீடு பார்க்கலாம். 50 வரை நல்லது, 200-ஐத் தாண்டினால் மோசம். கும்மிடிப்பூண்டியில் வாரியத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. ஆனால் அந்த எண் இங்கிருந்து நெடுந்தூரத்துக் காற்றின் எண். நம் சந்தில் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்து வீட்டைக் கேட்டால்தான் தெரியும்.

அந்தச் சகோதரரின் உறையை எங்கள் அலுவலகத்திலேயே பிரித்தோம். மூடச் சொல்லும் ஆணை இல்லை. இசைவாணைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி, விவரம் கேட்டிருந்தார்கள். அவரோடு போனோம். தாமதத்துக்குக் கேள்வி கேட்டார்கள், கேட்கத்தான் செய்வார்கள். வடிகட்டி அறைக்கு மதிப்பீடு வாங்கியிருக்கிறார். அது வரும்வரை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகே ஸ்பிரே அடிப்பது, மூன்று மணிக்கு நிறுத்துவது என்று தானே போய் அந்தச் சகோதரி வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்.

உங்களிடமும் பிரிக்காத உறை இருந்தால் சனிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். வரும்போது இடத்தின் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், உத்யம் பதிவு, மின் கட்டண ரசீது, இயந்திரங்களின் பில், பட்டறையின் ஒரு கைவரைபடம் இவற்றைக் கொண்டு வாருங்கள். புகையால் சிரமப்படுவோரும் வரலாம். பெயரை வெளியே சொல்ல மாட்டோம். முதலில் பட்டறைக்காரரிடம் நாங்களே பேசுகிறோம்.